பறக்கும் நாளில் தண்ணீரைக் குறைக்கலாமா?

கேள்வி: எனக்கு 52 வயது. வேலூரில் பிறந்து வளர்ந்தவன். இருபது வருடங்களாக மெல்பர்னில் இருக்கிறேன். வார இறுதிகளில் பெனாலாவில் கிளைடர் (இன்ஜின் இல்லாத விமானம்) ஓட்டுவேன். போன ஜனவரியில் முதல்முறையாகப் போட்டியில் கலந்துகொண்டேன். ஒரு நாள் வெயில் 41 டிகிரி. நடுவானில் சிறுநீர் முட்டினால் வம்பு என்று காலையில் ஒரு காபி, அப்புறம் அரை லிட்டர் தண்ணீர், அதோடு நிறுத்திக்கொண்டேன். நாலரை மணி நேரம் பறந்து திரும்பியபோது தலை பிளந்தது, கெண்டைக்காலில் பிடிப்பு. தரையிறங்கும்போது சக்கரத்தை இறக்க மறந்துவிட்டேன். ரேடியோவில் யாரோ கத்தியதால் தப்பித்தேன். தலைவலிக்கு இபுபுரூஃபன் போட்டுக்கொண்டேன். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டானும் ஹைட்ரோகுளோரோதையசைடும் சேர்ந்த மாத்திரை தினமும் சாப்பிடுகிறேன். வேலூர்க்காரனுக்கு வெயில் புதிதா? பிறகு ஏன் இப்படி ஆயிற்று? வரும் ஜனவரியில் மறுபடி போட்டியிடலாமா?

பதில்: போட்டியிடலாம். அதற்கு முன் சில ரத்தப் பரிசோதனைகள், மாத்திரையைப் பற்றி உங்கள் ஜிபியோடு (குடும்ப மருத்துவரோடு) ஒரு பேச்சு, அப்புறம் சிறுநீருக்கு ஒரு நிரந்தர ஏற்பாடு. இந்த மூன்றாவதுதான் உங்கள் விஷயத்தில் முக்கியம். அதைத் தீர்க்காமல் "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று நான் சொன்னாலும் நீங்கள் குடிக்கப் போவதில்லை.

அன்று உடம்பில் என்ன நடந்திருக்கும்? காலையில் இறக்கைகளைப் பூட்டியது, கிளைடரைத் தள்ளியது என்று வியர்வை ஆரம்பித்திருக்கும். பிறகு இழுவை விமானம் வரும்வரை ஓடுபாதை வரிசையில் முதுகில் பாராசூட்டோடு காத்திருப்பு. கண்ணாடி மூடியை இறக்கிவிட்டால் காக்பிட், வெயிலில் நிறுத்திய கார்தான். இந்தக் கட்டத்தில் மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை வியர்வையாகப் போகலாம். வேடிக்கை என்னவென்றால், வேகத்துக்காக இறக்கைகளுக்குள் நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் நிரப்பிக்கொண்டு பறக்கிற கிளைடர்களில், ஓட்டுபவர் மட்டும் அரை லிட்டரோடு உட்கார்ந்திருக்கிறார்.

மேலே போனதும் நிலைமை மாறிவிடுகிறது. நல்ல தெர்மல் (மேலெழும் வெப்பக் காற்று) கிளம்பும் நாளில் ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 3 டிகிரி குறையும். தரையில் 41 என்றால் 8,000 அடியில் 17 டிகிரி இருக்கலாம். காற்று வறண்டது, வியர்வை தெரியாமலே காய்ந்துவிடும், தாகமும் எடுக்காது. குளிர்ச்சியில் சிறுநீரகம் கூடுதலாகச் சிறுநீரை வெளியேற்றும். சிறுநீர் வருகிறதே, உடம்பில் தண்ணீர் போதுமான அளவு இருக்கிறது என்று அதை வைத்து முடிவு கட்டக் கூடாது.

உடல் எடையில் சுமார் 2 சதவீதம் தண்ணீர் குறைந்தாலே கவனம் சிதற ஆரம்பிக்கலாம். 70 கிலோ உள்ளவருக்கு அது ஒன்றரை லிட்டருக்கும் குறைவு. அந்த நிலையில்தான் நீங்கள் கடைசி இறக்கத்தைத் தொடங்குகிறீர்கள். கால் மணி நேரத்துக்குள் குளிரிலிருந்து மறுபடி அனலுக்கு வருகிறீர்கள். அதே நேரத்தில் மற்ற கிளைடர்களும் வந்து குவிகின்றன. சக்கரத்தை மறக்க வேறு காரணமும் இருந்திருக்கலாம். ஆனால் தலைவலியும் தசைப்பிடிப்பும் மறதியும் ஒன்றாக வந்திருப்பதால், நான் முதலில் சந்தேகப்படுவது தண்ணீரும் உப்பும் குறைந்ததைத்தான்.

வேலூர் விஷயத்துக்கு வருகிறேன். வெயில் பழக்கம் என்பது பிறப்புரிமை அல்ல. தினமும் ஒன்றிரண்டு மணி நேரம் வெப்பத்தில் உடம்பு வேலை செய்தால் ஒன்று முதல் இரண்டு வாரத்தில் அது வரும். சீக்கிரமே வியர்க்கும், வியர்வையில் உப்பு குறைவாகப் போகும். விட்டுவிட்டால் சில வாரங்களிலேயே போய்விடும். இருபது வருட மெல்பர்ன் ஏசிக்குப் பிறகு உங்கள் உடம்பில் வேலூர் எதுவும் மிச்சமில்லை. முடிந்தால் போட்டிக்கு ஒரு வாரம் முன்பே பெனாலா போய்ப் பழகுங்கள்.

இப்போது மாத்திரை. ஹைட்ரோகுளோரோதையசைடு சிறுநீர் வழியே உப்பையும் நீரையும் வெளியேற்றும். கெண்டைக்கால் பிடிப்பில் அதற்கும் பங்கு இருக்கலாம். டெல்மிசார்ட்டான், உடம்பில் நீர் வற்றும்போது சிறுநீரகம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழியைத் தளர்த்துகிறது. இதற்கு மேல் இபுபுரூஃபன் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரெனப் பழுதாகும் அபாயம் உண்டு. இந்தக் கூட்டணிக்கு 'டிரிப்பிள் வாமி' (மூன்று பக்க அடி) என்று மருத்துவர்கள் பெயரே வைத்திருக்கிறார்கள். நீங்கள் எழுதியதில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது சக்கரம் அல்ல, இந்த வலி மாத்திரைதான். இனி தலைவலிக்குப் பாராசிட்டமால் போதும். சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் மூன்றையும் இப்போதே பாருங்கள். நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்குகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கோடைக்கு வேறு மருந்து பொருந்துமா என்பதை உங்கள் ஜிபி முடிவு செய்யட்டும். அந்த மாற்றம் போட்டிக்குச் சில வாரங்கள் முன்பே நடக்க வேண்டும். போட்டி வாரத்தில் புது மாத்திரையோடு பறக்காதீர்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

சரி, சிறுநீர். ஆண்களுக்குக் காண்டம் கதீட்டர் நல்ல வழி. உறை மாதிரி மேலே மாட்டுவது. உள்ளே எதுவும் போகாது. குழாய் ஒரு பைக்குள்ளோ கிளைடருக்கு வெளியேயோ போகும். வெளியே விடுவதானால் குழாய் கிளைடரின் உடற்பகுதியைத் தாண்டி நீள வேண்டும். சிறுநீர் உலோகப் பாகங்களை அரித்துவிடும், கிளப் மெக்கானிக்குக்கு இது தெரிந்திருக்கும். கதீட்டர் பிடிக்காவிட்டால், உள்ளே ஜெல் வைத்த, மூடக்கூடிய பைகள் கிடைக்கின்றன. பெண்களில் பலர் பெரியவர்களுக்கான டயப்பரைப் பயன்படுத்துகிறார்கள்.

எதுவானாலும் வீட்டில் பழகுங்கள். கதீட்டர் அளவு தவறினால் கழன்றுவிடும் அல்லது இறுக்கும். அளவு பார்க்கும் அட்டையைக் கேட்டு வாங்குங்கள். ஒட்டும் இடத்தில் முடியைக் கத்தரித்து, தோலைச் சுத்தமாகத் துடைத்த பிறகு மாட்ட வேண்டும். இன்னொன்று, கிளைடரில் நீங்கள் உட்கார்வது பாதி படுத்தவாக்கில். அந்த நிலையில் பலருக்குச் சிறுநீர் சட்டென்று வராது. குளியலறையில் சாய்ந்து உட்கார்ந்து நாலைந்து முறை போய்ப் பார்த்தால் கூச்சம் விட்டுவிடும். நின்றுகொண்டு போகும்போதும் தடையாகவே இருந்தால், உங்கள் வயதில் புராஸ்டேட்டையும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

இதற்குப் பிறகு தண்ணீர் குடிப்பது சுலபம். எழுந்ததும் அரை லிட்டர். வரிசையில் நிற்கும்போது 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர். பறக்கையில், தாகம் எடுக்காவிட்டாலும், மணிக்கு சுமார் அரை லிட்டர். ஒரேயடியாக மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் ஊற்றிக்கொள்ள வேண்டாம். ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். நீண்ட நாட்களில் பாதியை ஓஆர்எஸ் கரைசலாகக் குடிக்கலாம், பாக்கெட்டில் எழுதிய அளவுத் தண்ணீரில். ரத்த அழுத்தம் இருப்பதால் உப்பு மாத்திரை உங்களுக்கு வேண்டாம். பாட்டில் மூடியைத் திறக்க இரண்டு கையும் தேவைப்படும். குழாய் வைத்த தண்ணீர்ப் பையை இருக்கைக்குப் பக்கத்தில் பொருத்தினால் தெர்மலில் சுற்றும்போதும் உறிஞ்சலாம். காலையிலும் இறங்கிய பிறகும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால், அன்று போட்ட கணக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் போதவில்லை. காபி குடிக்கலாம், பழகிய ஒரு கப்பால் நீர் வற்றாது. முதல் நாள் இரவு பீர் வேண்டாம்.

காத்திருக்கும் நேரத்தில் கண்ணாடி மூடிக்கு வெள்ளை உறை, தலைக்கு மேல் குடை, முழுக்கைப் பருத்திச் சட்டை. ஏதோ ஒரு வயலில் இறங்க நேர்ந்தால் கிளைடரை ஏற்றிச் செல்லும் டிரெய்லர் வந்து சேர மணிக்கணக்கில் ஆகலாம். அதற்கென்று இரண்டு லிட்டர் தனியாக இருக்கட்டும், பறக்கும்போது அதைத் தொட வேண்டாம். வரிசையிலேயே தலை சுற்றினால், குமட்டினால் அன்றைக்குப் பறக்கவே வேண்டாம்.

கடைசியாக, உங்களோடு வரும் தரைக்குழுவினருக்குச் சொல்லி வையுங்கள். தலைவலி, சோர்வு, வாந்தி என்றால் நிழல், தண்ணீர், ஓய்வு போதும். அரைமணியில் தேற வேண்டும். பேச்சு குளறினால், நீங்கள் சம்பந்தமில்லாமல் கோபப்பட்டால், நடை தள்ளாடினால் அது ஹீட் ஸ்ட்ரோக்காக (வெப்பத் தாக்காக) இருக்கலாம், வியர்வை கொட்டிக்கொண்டிருந்தாலும்தான். உடனே 000-ஐ அழைத்துவிட்டு, சட்டையைக் கழற்றி, கையில் கிடைக்கிற குளிர்ந்த தண்ணீரையெல்லாம் உடம்பில் ஊற்றி விசிற வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது. நினைவு தடுமாறியவர் வாயில் தண்ணீர் புகட்டவும் கூடாது.