எட்டுக் குழாயும் இடியாப்பம் ஆகாமலிருக்க

கேள்வி: 1/24 அளவில் ஃபோர்டு ஜிடி40 மார்க் 1 (1960களின் ரேஸ் கார்) மாடல் கட்டிக்கொண்டிருக்கிறேன். கிட்டில் வந்த எக்ஸாஸ்ட்டை (புகைக்குழாய்களை) இரண்டு பாதியாக ஒட்ட வேண்டும். ஒட்டுக்கோட்டைத் தேய்த்தால் குழாய் முட்டை வடிவமாகிவிடுகிறது. அதை ஒதுக்கிவிட்டு சால்டர் கம்பியில் (பற்றுவைக்கும் கம்பி) நானே வளைத்தேன். பார்த்தால் இடியாப்பம் பிழிந்து வைத்தது போல இருக்கிறது. எங்கே தவறு? எந்தக் குழாய் எந்தப் பக்கம் போக வேண்டும்? நிறம் எப்படி அடிப்பது?

பதில்: உங்கள் கையில் தவறில்லை. குழாய் முழுக்க வளைந்துகொண்டே போவதுதான் தவறு. அசல் ஹெடர், அதாவது எஞ்சினிலிருந்து புகையை எடுத்துச் செல்லும் குழாய்த் தொகுதி, அப்படி இருக்காது. ஒரே ஆரத்தில் வளைத்த துண்டுகளையும் நேர்க்குழாய்த் துண்டுகளையும் வெட்டி, வெல்டு வைத்துச் சேர்த்ததுதான் அது. கொஞ்சம் நேர், ஒரு வளைவு, மறுபடி நேர், வேறு திசையில் அதே ஆரத்தில் இன்னொரு வளைவு: எட்டுக் குழாயும் இந்தக் கணக்கில்தான் போகும். மாடலில் அந்த நேர்த்துண்டுகள் காணாமல் போனால் கண் உடனே கண்டுபிடித்துவிடும், ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும்.

முதலில் எது எங்கே போகிறது என்பதைப் பார்ப்போம். உங்கள் காரில் உள்ள எட்டு சிலிண்டர் ஃபோர்டு 289 எஞ்சினில் காரின் வலப்பக்கம் முன்னிருந்து பின்னாக 1, 2, 3, 4. இடப்பக்கம் 5, 6, 7, 8. எரியும் வரிசை 1-5-4-2-6-3-7-8. கிராங்க் 90 டிகிரி சுற்றும்போதெல்லாம் ஒரு சிலிண்டர் எரிகிறது. வலப்பக்கத்து நான்கையும் ஒரே குழாயில் சேர்த்தால் 4-உம் 2-உம் அடுத்தடுத்து எரிந்து ஒன்றன் புகை மற்றதை மறிக்கும். இடப்பக்கத்தில் 7-க்கும் 8-க்கும் அதே தொல்லை. அதனால் வரிசையில் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்தார்கள். 1, 4, 6, 7 ஒரு கலெக்டருக்கு (நான்கு குழாயும் ஒன்றாகச் சேரும் பெரிய குழாய்). 5, 2, 3, 8 மற்றதற்கு. இப்போது ஒவ்வொரு கலெக்டருக்கும் சரியாக 180 டிகிரிக்கு ஒரு முறை புகை வரும். ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் இரண்டு குழாய்கள் கியர்பாக்ஸுக்கு மேலே எதிர்ப்பக்கம் தாண்டியே ஆக வேண்டும். 'பாம்புக் கட்டு' என்ற பட்டப்பெயர் வந்ததும் இதனால்தான். எந்தக் கலெக்டர் வலம், எது இடம், எந்தக் குழாய் எதன் மேலே ஏறுகிறது என்பதை நீங்கள் கட்டும் காரின் படத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். குழு மட்டும் மாறக்கூடாது.

அடுத்த கணக்கைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். குழாய்கள் ஏறக்குறைய ஒரே நீளம் இருக்க வேண்டும். இந்த எஞ்சினில் சிலிண்டருக்குச் சிலிண்டர் இடைவெளி 4.38 அங்குலம், 1/24-இல் 4.64 மி.மீ. முதல் துளைக்கும் நான்காவது துளைக்கும் நடுவே கிட்டத்தட்ட 14 மி.மீ. கலெக்டர் பின்னால் இருப்பதால் 4-ஆம் சிலிண்டர் அதற்கு 14 மி.மீ. அருகில் இருக்கிறது. அதன் குழாய் அந்த 14 மி.மீ.-ஐ வளைவுகளில் செலவழித்துவிட்டுத்தான் கலெக்டருக்கு வரவேண்டும். முன் சிலிண்டரின் குழாய் சாதுவாகவும் பின் சிலிண்டரின் குழாய் முறுக்கிக்கொண்டும் தெரிவது இதனால்தான். ஆகவே மிக நீளமான பாதையை மெல்லிய மின்கம்பியால் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, அதை நிமிர்த்தி அளந்து, 3 மி.மீ. கூட்டி, எட்டுத் துண்டையும் அதே நீளத்துக்கு வெட்டிவிடுங்கள். பின் குழாய்க்கு மட்டும் குட்டைத் துண்டு வெட்டினால் அது நேராகப் போய் முடிந்துவிடும். எத்தனை நல்ல பெயின்ட் அடித்தாலும் அந்தக் குறை மறையாது.

கம்பிக்கு வருவோம். அசலில் 1¾ அங்குலக் குழாய் என்றால் 1/24-இல் 1.85 மி.மீ.; 1⅝ அங்குலம் என்றால் 1.72. எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் 16 கேஜ் சால்டர் 1.63 மி.மீ. பிரைமரும் பெயின்ட்டும் ஏறினால் 1.7-ஐத் தொட்டுவிடும். பெரிய ரோல் வாங்க வேண்டாம், ஒரு மீட்டர் தாராளம். ரோலிலிருந்து வந்த சுருளை நிமிர்த்த இழுக்காதீர்கள். சால்டர் நீண்டு நடுவில் மெலியும். கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து இன்னொரு தட்டையான தகட்டால் உருட்டுங்கள். ஒற்றைக் கம்பியாக வரும் 2.5 சதுர மி.மீ. வீட்டு வயரின் செம்பும் ஆகும், விட்டம் 1.78. ஆனால் அதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு இளக்காமல் வளைத்தால் திரும்பித் துள்ளும். எனவே முதல் முயற்சிக்குச் சால்டரே நல்லது. 60/40 சால்டரில் ஈயம் உண்டு: உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், நீர் தொட்டே தேயுங்கள், வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

வளைப்பதற்கு முன் ஃபிளேஞ்சும் (குழாய்களை எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டோடு சேர்க்கும் தகடு) கலெக்டரும் இடத்தில் நிற்க வேண்டும். ஃபிளேஞ்சுக்கு 0.4 மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகடு போதும், அசலில் அது ⅜ அங்குலத் தகடு. நான்கு துளைகளும் சம இடைவெளியில் வரும். ஷெவர்லேயின் 'சின்ன பிளாக்' எஞ்சின் செய்து பழகியவர்கள் இங்கே கவனிக்க: அதில் நடு இரண்டும் ஒட்டி வரும், ஃபோர்டில் அப்படி இல்லை. 4.64 என்று நான் சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு குறிக்காமல் கிட்டில் உள்ள ஹெட்டை அளந்துவிடுங்கள். கிட் எஞ்சின்கள் பல சமயம் அளவில் கொஞ்சம் மெலிந்திருக்கும். ஃபிளேஞ்சைத் தனியாக மேசையில் துளையிட்டு, பிறகு எஞ்சினில் ஒட்டுங்கள்.

எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒரு பலகையில் அசையாமல் இருத்தி, இரண்டு கலெக்டரையும் அவற்றின் கடைசி இடத்தில் குச்சி நட்டுத் தற்காலிகமாக நிறுத்துங்கள். பாடியை ஒருமுறை மூடிப் பாருங்கள். பின் மூடி இடிக்கிறது என்பதை எட்டுக் குழாயும் ஒட்டிய பிறகு தெரிந்துகொள்ளாதீர்கள்.

வளைவின் ஆரத்துக்கு 3 அங்குலம் என்று வைத்துக்கொண்டால் 1/24-இல் 3.2 மி.மீ., அது குழாயின் மையக்கோட்டுக்கு. கம்பியின் பாதித் தடிமன் 0.8-ஐக் கழித்தால் 2.4 ஆரம், அதாவது 5 மி.மீ. ட்ரில் பிட்டின் தண்டு. எட்டுக் குழாயின் எல்லா வளைவுக்கும் அந்த ஒரே தண்டுதான். ஹெட்டிலிருந்து 2 மி.மீ. நேராக விடுங்கள். வளைவு தொடங்கும் இடத்தில் மார்க்கரால் கோடு போட்டு, கோட்டைத் தண்டில் வைத்து, பெருவிரலின் சதைப்பகுதியால் மெதுவாகத் தள்ளுங்கள். நகம் பட்டால் பிறை போல வடு விழும். குறடு வேண்டவே வேண்டாம். அடுத்த வளைவுக்கு முன் கம்பியின் விட்டமாவது நேராக இருக்கட்டும். பிறகு கம்பியைச் சுழற்றித் தளத்தை மாற்றி வளையுங்கள். ஒரே இடத்தை மூன்று முறைக்கு மேல் வளைத்துத் திருத்தினால் மேற்பரப்பில் அலை விழும். அந்தத் துண்டைத் தூக்கிப் போடுங்கள், விலை சில ரூபாய்தான்.

அடியில் போகிற குழாயை முதலில் செய்யுங்கள், மேலே ஏறிப் போவதைக் கடைசியில். ஒவ்வொன்றின் நுனியிலும் 0.5 மி.மீ. துளையிட்டு மெல்லிய பித்தளைக் கம்பி செருகி, ஹெட்டிலும் அதற்கேற்ற துளை போட்டு ஆணி போலப் பொருத்துங்கள். குழாய் 60 மி.மீ. நீளம் என்றால் எட்டும் சேர்ந்து சுமார் 8 கிராம். வெறும் பசையை நம்பினால் ஒருநாள் கையோடு வந்துவிடும். ஒட்டும் முன் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். ஹெட்டில் ஃபெவிக்விக் வகைப் பசை, கலெக்டரில் மெதுவாக இறுகும் எபாக்ஸி. நான்கு குழாயையும் சேர்த்து நேர்படுத்த அங்கே நேரம் வேண்டும். சால்டரிங் அயர்னை எடுக்க நினைத்தால் வேண்டாம், பற்றோடு குழாயும் உருகி ஓடும்.

நான்கு குழாயைச் சதுரமாகக் கட்டினால் வெளிவட்டம் சுமார் 4.1 மி.மீ. அதனால் 4.8 மி.மீ. ஸ்டைரீன் குழாயை எடுத்து, வாயை உள்ளே கொஞ்சம் குடைந்து விரித்து, ஹேண்ட் ட்ரில்லில் மாட்டிச் சுழலவிட்டுப் பின்முனையை அரத்தால் கூராக்குங்கள். நான்கின் நடுவே விழும் நட்சத்திர இடுக்கை ஒரு துளி எம்-சீலால் அடையுங்கள், மேலே வழியவிடாமல். வால்குழாய்க்கு அலுமினியக் குழாய் நல்லது. அசல் தகட்டின் தடிமன் 1.6 மி.மீ. என்றால் 1/24-இல் 0.07 கூட வராது. அத்தனை மெல்லியதாக யாராலும் செய்ய முடியாது. நுனியை மட்டும் உள்பக்கத்திலிருந்து கத்திமுனையால் சுற்றிச் சுற்றிச் சரிவாகச் சுரண்டினால் கண் ஏமாந்துவிடும். முழுக்குழாயையும் சுரண்ட வேண்டாம்.

வெல்டு தழும்புக்கு வீட்டு வயரின் மெல்லிய இழை ஒன்று போதும், தடிமன் ஏறக்குறைய 0.2 மி.மீ. வளைவும் நேரும் சந்திக்கும் இடத்தில் ஒரே சுற்று சுற்றி, ஒரு சொட்டுப் பசை வைத்து, நுனியை அடிப்பக்கத்தில் வெட்டுங்கள். எல்லா மூட்டிலும் வைத்தால் மிகையாகிவிடும். மேலே தெரியும் நான்கைந்து இடங்கள் போதும்.

நிறத்தில்தான் அதிகம் பிழை நடக்கிறது. வானவில் நிறம் வெற்று எஃகுக்கும் டைட்டேனியத்துக்கும் உரியது. பூச்சு பூசிய குழாயில் அது வராது. எனவே உங்கள் காரின் படத்தில் குழாய் பூசியதா, வெற்று எஃகா என்று முதலில் பாருங்கள். பூசியதென்றால் மங்கல் வெள்ளையோ சாம்பலோ அடித்து, ஹெட்டுக்கு அருகே பழுப்பை லேசாகத் தூவினால் வேலை முடிந்தது. வெற்று எஃகென்றால் வரிசை முக்கியம். சூடு ஏற ஏற எஃகு முதலில் வைக்கோல் மஞ்சளாகும், பிறகு பழுப்பு, ஊதா, நீலம், கடைசியில் சாம்பல். சூடு அதிகம் ஹெட்டின் அருகே. ஆகவே ஹெட்டிலிருந்து பின்னே போகும்போது சாம்பல்நீலம், ஊதா, பழுப்பு, மஞ்சள், பிறகு வெறும் உலோகம். பலர் மஞ்சளை ஹெட்டருகே வைத்து வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள். பளபளக் கறுப்பு அடித்தளத்தின் மேல் உலோக நிறம். அதற்கு மேல் டாமியா எக்ஸ்-26 கிளியர் ஆரஞ்சும் எக்ஸ்-23 கிளியர் நீலமும், ஒரு பங்குக்கு நான்கைந்து பங்கு தின்னர் விட்டு, ஏர்பிரஷ்ஷில் குறைந்த அழுத்தத்தில். ஊதாவுக்கு நீலத்தோடு எக்ஸ்-27 கிளியர் சிவப்பு. வளைவின் வெளிப்பக்கத்தில் ஒரு கோட்டு அதிகம் விழட்டும், சூடான புகை அங்கேதான் மோதுகிறது. நிறம் தெரியத் தொடங்கியதும் நிறுத்துங்கள்.

வால்குழாயின் உள்பக்கத்துக்குப் பெரும்பாலோர் கறுப்பு அடிக்கிறார்கள். 1960களில் ஓடியது ஈயம் கலந்த பெட்ரோல். முழு வேகத்தில் நெடுநேரம் ஓடிய எஞ்சினின் வால்குழாய்க்குள் வெளிர்சாம்பல்தான் படியும். ஓரத்தில் மட்டும் மெல்லிய கறுப்பு வளையம் விட்டு, உள்ளே வெளிர்சாம்பலில் துளி பழுப்புக் கலந்து அடியுங்கள்.