ரயில் கேள்வி பதில்: வெளி ஆலோசகர் எதற்கு?

கேள்வி: ரயில்வேயிலேயே சம்பளம் வாங்கும் இன்ஜினியர்கள் இருக்கும்போது, வெளியிலிருந்து ஆலோசனை நிறுவனங்களைக் கூப்பிட்டு லட்சக்கணக்கில் ராண்டைக் (தென்னாப்பிரிக்கப் பணம்) கொட்டிக் கொடுப்பது ஏன்? நம் வரிப்பணம்தானே?
- ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: நியாயமான கேள்வி அம்மா. ரயில்வே இன்ஜினியருக்கு அன்றாட வேலை என்பது தண்டவாளத்தைப் பராமரிப்பது, வண்டியைத் தடங்கலில்லாமல் ஓட வைப்பது. சுரங்கம் குடைவதும், குழி விழும் நிலத்தில் பாலத்தூண் நிறுத்துவதும் அவருடைய பணிக்காலத்தில் ஒருமுறை வந்தாலே அதிகம். அதையே வருடம் முழுக்கச் செய்கிறவர்களைத் தேவைப்படும்போது மட்டும் கூப்பிடுவது, நிரந்தரமாகச் சம்பளம் கொடுத்து வைத்திருப்பதைவிட மலிவு.

ஜோகன்னஸ்பர்க்கையும் பிரிட்டோரியாவையும் இணைக்கும் வேக ரயிலான கௌட்ரெயினையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 80 கிலோமீட்டர் பாதை பிரிட்டோரியாவுக்குத் தெற்கே சென்ச்சூரியனில் டோலமைட் பாறைக்கு மேல் போகிறது. நிலத்தடித் தண்ணீர் அந்தப் பாறையைக் காலங்காலமாகக் கரைத்து உள்ளே பொந்துகளை உண்டாக்கி வைத்திருக்கும். மேலே பார்த்தால் நல்ல கெட்டி மண், ஆனால் ஒரு தண்ணீர்க் குழாய் கசிந்தால் போதும், நிலம் வாய் பிளந்துவிடும். இப்படிப்பட்ட இடத்தில் முதலில் ஈர்ப்பு விசை எங்கே குறைகிறது என்று கருவி வைத்து அளந்து, சந்தேகம் வந்த இடங்களில் துளை போடுவார்கள். துளை இறங்க இறங்க, ஒவ்வொரு மீட்டருக்கும் எத்தனை நிமிடம் ஆயிற்று என்று ஒருவர் பக்கத்திலேயே நின்று குறித்துக்கொண்டிருப்பார். நிமிடக்கணக்கில் அரைத்துக்கொண்டிருந்த கம்பி சில நொடியில் சரேலென்று இறங்கி, உள்ளே அனுப்பும் காற்றும் மேலே திரும்பி வரவில்லையென்றால், கீழே வெற்றிடம் என்று அர்த்தம். அந்தத் தாளைப் படித்து ‘இங்கே தூண் வேண்டாம்’ என்றோ ‘இன்னும் ஆழமாகப் போ’ என்றோ சொல்வதற்குத்தான் அந்தக் காசு.

அதே கௌட்ரெயினில் ரோஸ்பேங்கிலிருந்து பார்க் ஸ்டேஷன் வரைக்குமான சுரங்கத்தில் தண்ணீர் கசிந்ததால், 2011 ஆகஸ்டில் மற்ற பகுதி திறந்தும் அந்தத் துண்டு மட்டும் 2012 ஜூன் வரை காத்திருந்தது. எவ்வளவு கசிவு வரை பரவாயில்லை என்பது ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது, அதனால்தான் ‘சரிசெய்’ என்று அரசு பிடிவாதமாகக் கேட்க முடிந்தது. அந்த வரம்பை முன்கூட்டியே எழுதி வைக்கச் சொல்வதும் ஆலோசகர் வேலைதான்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். அரசின் பயணிகள் ரயில் நிறுவனமான பிராசா 70 என்ஜின்களுக்கு ஆர்டர் கொடுத்து, வந்து சேர்ந்தவை 13. நம் பாதையில் என்ஜின் உயரத்துக்கு வரம்பு 3,965 மில்லிமீட்டர், வந்த டீசல் என்ஜின்களோ 4,140. டெண்டர் முறைகேட்டுக்காக 2017ல் ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் அந்த ஒப்பந்தத்தையே ரத்து செய்தது. எத்தனை பெரிய நிபுணரை வைத்தாலும், பணம் கொடுக்கும் பக்கத்தில் அவர் சொல்வதைப் படித்து, புரிந்து, தைரியமாக மறுத்துப் பேச ஒரு சொந்த ஆள் இல்லையென்றால் அறிக்கை அலமாரியில்தான் கிடக்கும். அதனால் ஆலோசகருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதோடு விடாதீர்கள், அவர் அறிக்கையை யார் படித்தார்கள் என்றும் கேளுங்கள்.

கேள்வி: என் கிடங்குக்குச் சொந்தமாக ஒரு ரயில் சைடிங் (மெயின் லைனிலிருந்து பிரியும் கிளைத் தண்டவாளம்) போடலாம் என்று இருக்கிறேன். ஆலோசகரை எப்படித் தேர்ந்தெடுப்பது?
- ஒரு வியாபாரி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: ஐயா, முதலில் என்ன சரக்கு, எத்தனை வேகன், எவ்வளவு எடை என்பதை நீங்களே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பொதுச் சரக்குப் பாதையில் வேகனின் ஒரு அச்சுக்கு 20 டன் வரை, ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்துக்குப் போகும் நிலக்கரிப் பாதையில் 26 டன் வரை ஏற்றலாம். இது தெரியாமல் தண்டவாளத்தையும் ஜல்லியையும் யாராலும் கணக்கிட முடியாது.

வருகிறவர் மழை பெய்த மறுநாள் இடத்தைப் பார்க்க வருகிறாரா என்று பாருங்கள். இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனிலிருந்து கேட்டோ ரிட்ஜ் போகும் முக்கியப் பாதையே அரித்துப் போனதே, சின்ன சைடிங் எம்மாத்திரம்? வடிகால் சரியில்லாத பழைய சைடிங்கில் போய் நின்று பாருங்கள், வேகன் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் ஸ்லீப்பருக்கு அடியிலிருந்து கறுப்புச் சேறு மேலே கக்கும். அதற்கப்புறம் எத்தனை ஜல்லி கொட்டினாலும் உள்ளே இழுத்துக்கொள்ளும். சரிவும் முக்கியம், வேகன் தானாக உருண்டு மெயின் லைனுக்குப் போய்விடக்கூடாது.

அப்புறம், தண்டவாளமோ பாயிண்ட்ஸோ (வண்டியைத் தடம் மாற்றும் அமைப்பு) விற்கிற கம்பெனியோடு அவருக்குத் தொடர்பு இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். தொழில்முறைக் காப்பீட்டுப் பத்திரத்தை வாங்கிப் பாருங்கள். வேலை செய்யப்போகிறவர்களின் பெயர் ஒப்பந்தத்தில் இருக்கட்டும், ஏனென்றால் பேச வருவது பெரியவர், வரைவது நேற்றுச் சேர்ந்த பிள்ளை என்பது சகஜம். கட்டணத்தைக் கட்டுமானச் செலவில் சதவீதமாகப் பேசாதீர்கள், செலவைக் குறைக்க அவருக்கு அக்கறை இருக்காது. ரயில்வே பாதுகாப்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் அனுமதிக்கான ஆவணங்களைத் தயாரிப்பதும் அவர் பொறுப்பு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கௌட்ரெயின் வண்டி ஏன் நம் பழைய பாதையில் ஓடாது?
- ஒரு மாணவர், லெனேஷியா

பதில்: தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் வேறு தம்பி. கௌட்ரெயின் 1,435 மில்லிமீட்டர், நாட்டின் மற்ற பாதைகள் பெரும்பாலும் 1,067. நம் டர்பனில் 1860ல் துறைமுகத்தை ஒட்டிய ‘பாயிண்ட்’ பகுதியிலிருந்து போட்ட முதல் பாதை 1,435தான். நம்மவர்கள் மதராஸிலிருந்து கப்பலில் வந்து இறங்கியதும் அதே வருடம். பிறகு மலையேறி உள்நாட்டுக்குப் போக வளைவுகளும் வெட்டுகளும் செலவு பிடிக்கும் என்று 1870களில் குறுகிய அகலத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

கேள்வி: சிவில் முடிக்கப்போகிறேன். இந்தத் துறைக்கு எப்படி வருவது?
- ஒரு மாணவி, ஃபீனிக்ஸ்

பதில்: படிப்பு முடிந்ததும் தென்னாப்பிரிக்கப் பொறியியல் மன்றத்தில் பயிற்சிநிலைப் பொறியாளராகப் பதிந்துகொள்ளம்மா. அங்கீகாரம் பெற்ற பட்டத்துக்குப் பிறகு குறைந்தது மூன்று வருட அனுபவம் காட்டினால்தான் முழுப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். அந்த மூன்று வருடத்தில் முதல் வருடத்தையாவது களத்தில் கேட்டு வாங்கு, துளை போடும் இடத்தில் நேரம் குறிக்கும் வேலை கிடைத்தால் யோசிக்காமல் போ.