பட்டத்தின் பெயருக்காகக் கடன் வேண்டாம்

மகளை எந்தப் பட்டப்படிப்பில் சேர்ப்பது, அதற்காக வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கவலை புரிகிறது அம்மா. மகள் யாரோ எழுதிய டிஎல்எல் கோப்புகளை, அதாவது பல மென்பொருள்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல் நூலகங்களை, இரவெல்லாம் பிரித்துப் பார்க்கிறாள். அவள் பெரியப்பாவோ செயற்கை நுண்ணறிவுப் பட்டம்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். அந்தப் பட்டத்துக்காக வீட்டை அடமானம் வைக்காதீர்கள். தவணை கட்டப்போவது பெரியப்பா அல்ல, நீங்கள்.

அவள் செய்வது விளையாட்டல்ல. மூலநிரல் (மனிதர் எழுதிய வடிவம்) கையில் இல்லாத நூலகத்துக்குள் பிழை ஒளிந்திருந்தால், உள்ளே இறங்கிக் கண்டுபிடிக்க ஆள் வேண்டும். பாதுகாப்பு ஆய்வுக்கும் பழைய மென்பொருளைப் பராமரிக்கவும் இதே திறன்தான் அடிப்படை.

மைக்ரோசாஃப்டின் டாட்நெட் நிரலாக்கத் தளத்தில் தொடங்கட்டும். ஐஎல்ஸ்பை என்ற கருவி இலவசம், டிஎல்எல்லை சி ஷார்ப் மொழி நிரலாகவே காட்டும். விஷுவல் ஸ்டுடியோ என்ற நிரலாக்க மென்பொருளில் டீபக் செய்ய, அதாவது ஓடும் நிரலை வரி வரியாக நிறுத்திப் பிழை தேட, முதலில் சொந்த நிரலை மட்டும் காட்டும் ‘ஜஸ்ட் மை கோட்’ தேர்வை நீக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே நுழைவதற்கான எஃப்11 விசையை அழுத்தினாலும் நூலகத்துக்குள் போகாமல் தாண்டிவிடும். நிரலை நிறுத்த வைக்கும் குறியான பிரேக்பாயிண்ட் வெற்று வட்டமாக நின்றால், பெரும்பாலும் தொகுத்த நிரலை மூல வரிகளோடு இணைக்கும் சிம்பல் கோப்பு ஏறவில்லை என்று பொருள். நிரலை நிறுத்தி வைத்து, ஏறிய நூலகங்களைப் பட்டியலிடும் மாட்யூல்ஸ் ஜன்னலில் அந்த டிஎல்எல் மேல் வலது கிளிக் செய்தால், பிரித்தெடுத்த நிரலோடு சிம்பலும் உருவாக்கலாம். அப்போதும் மாறிகளின் மதிப்பு தெரியாமல், அம்புக்குறி வரி விட்டு வரி தாவும். வெளியிடுவதற்காகத் தொகுத்த ரிலீஸ் பில்டை, ஓடும்போதே இயந்திரமொழிக்கு மாற்றும் ஜேஐடி சுருக்கி மேம்படுத்தியதன் விளைவு அது. மாட்யூல் ஏறும்போதே அந்த மேம்படுத்தலை அடக்கும் தேர்வை இயக்கி, முதலிலிருந்து ஓட்ட வேண்டும். முன்கூட்டியே இயந்திரமொழியாக்கும் ரெடிடுரன் முறையில் தொகுத்த நூலகம் என்றால் அதுவும் போதாது. அதற்கான சூழல் மாறியை, அதாவது நிரல் தொடங்கும்போது படிக்கும் கணினி அமைப்பை, பூஜ்யமாக்க வேண்டும். பலர் சோர்ந்துபோவது இந்த இடத்தில்தான். அவள் இங்கேயும் விடாமல் தேடினால், அந்த நாட்டத்தை யாருக்காகவும் திருப்பாதீர்கள்.

சி, சி++ நூலகங்கள் அடுத்த படி. அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ 2019இல் வெளியிட்ட கீட்ரா என்ற பிரித்தெடுக்கும் கருவி போதும், அதுவும் இலவசம். அங்கே மாறிப் பெயர்கள் பெரும்பாலும் இராது, தரவு வகைகளும் ஊகம்தான். ஆகவே தானே எழுதிய சிறு நிரலைத் தொகுத்து, பிரித்து, மூலத்தோடு ஒப்பிட்டுப் பழகட்டும். உரிம ஒப்பந்தம் தடுக்கும் மென்பொருளைத் தொடவே கூடாது, இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கல்லூரியில் பார்க்க வேண்டியது கம்பைலர் (நிரலை இயந்திரமொழிக்கு மாற்றும் மென்பொருள்), இயங்குதளம், கணினிக் கட்டமைப்பு ஆகிய மூன்று தாள்களும் ஆய்வகத்தோடு இருக்கின்றனவா என்பதைத்தான். இருந்தால், குறைந்த கட்டணக் கல்லூரியிலேயே சேர்த்துவிடுங்கள்.