டிக்கெட் சரி, பில் எங்கே?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிளாக்செயின் மாநாடு, டெக் திருவிழா, ஏஐ கருத்தரங்கு பற்றியவை. பிளாக்செயின் என்பது பல கணினிகளில் பகிர்ந்து வைக்கும் கணக்குப் பதிவேடு, கிரிப்டோ எனும் இணைய நாணயங்களுக்கு அதுதான் அடித்தளம். ஓசூரிலிருந்து வந்தால் ஆச்சரியமில்லை, பெங்களூரு கைக்கெட்டும் தூரம். பாலக்கோட்டிலிருந்தும் அரூரிலிருந்தும் வந்திருப்பதுதான் யோசிக்க வைக்கிறது. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். நலம் விசாரித்தவர்களுக்கு நன்றி, அந்த வரிகளையும் வெட்டிவிட்டேன்.

கேள்வி: ஐரோப்பாவில் கோடையில் நடக்கும் பிளாக்செயின் மாநாட்டுக்குப் போக ஆசை. மே மாதம் முழுக்க லீவு கேட்டு வைத்திருக்கிறேன். முன்பதிவுச் சலுகை முடிவதற்குள் டிக்கெட் எடுத்துவிடலாமா?
- ஐடி ஊழியர், ஓசூர்

பதில்: லீவு கேட்டதில் அவசரப்பட்டுவிட்டீர்கள். அங்கே கோடை என்பது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, நமக்கு ஆனியும் ஆடியும். அதையும் நம்பிவிட முடியாது. எத்தீரியம் என்ற பிளாக்செயினைச் சார்ந்தவர்கள் கூடும் எத்சிசி மாநாடு 2024ல் பிரஸ்ஸல்ஸில் ஜூலையில் நடந்தது. 2025ல் பிரான்ஸின் கான் நகரில் ஜூன் 30 முதல் ஜூலை 3 வரை. 2026க்கு அதே ஊரில் மார்ச் கடைசிக்கே முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். கன்சென்சஸ் என்ற இன்னொரு மாநாடு 2024ல் அமெரிக்காவின் ஆஸ்டினில், 2025ல் கனடாவின் டொராண்டோவில். ஊரும் மாறும், மாதமும் மாறும். மாநாட்டின் சொந்த இணையதளத்தில் தேதியைப் பார்த்த பிறகு லீவு கேளுங்கள்.

டிக்கெட்டைப் பொறுத்தவரை, பணம் கட்டும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். விசா கிடைக்காவிட்டால் பணம் திரும்புமா? இல்லையென்றால் வேறொருவர் பெயருக்கு மாற்றித் தருவார்களா? பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாக் கட்டணம் 90 யூரோ, மறுத்தாலும் திரும்பாது. மாநாட்டு டிக்கெட் கையில் இருப்பதால் விசா தந்தே ஆக வேண்டும் என்று எந்தத் தூதரகத்துக்கும் கட்டாயமில்லை. ஓட்டல் அறையை ரத்து செய்யக்கூடிய விலையில் போடுங்கள், கொஞ்சம் கூடுதலானாலும் பரவாயில்லை.

அப்புறம் இன்னொன்று. பெரிய மாநாடுகளின் உரைகள் பெரும்பாலும் பின்னால் யூடியூபில் இலவசமாக வந்துவிடும். அங்கே போகிறவர்கள் உரை கேட்கப் போவதில்லை, ஆட்களைச் சந்திக்கப் போகிறார்கள். நீங்கள் சந்திக்க வேண்டியவர்கள் பெயரை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தாள் காலியாக இருந்தால் யூடியூப் போதும்.

கேள்வி: டெலிகிராம் குழுவில் ஒருவர் பாதி விலைக்கு மாநாட்டு டிக்கெட் தந்தார். கியூஆர் கோடு படம் அனுப்பினார். வாசலில் ஸ்கேன் செய்தால், இந்த டிக்கெட்டில் ஏற்கெனவே ஆள் உள்ளே போய்விட்டார் என்றார்கள்.
- கிருஷ்ணகிரி வாசகர்

பதில்: ஒரே படத்தைப் பத்துப் பேருக்கு விற்றிருப்பார், முதலில் வந்தவர் உள்ளே போயிருப்பார். சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழைத்துப் புகார் கொடுங்கள். இனிமேல் மாநாட்டுக்காரர்களே பெயர் மாற்றித் தருகிற டிக்கெட்டை மட்டும் அடுத்தவரிடம் வாங்குங்கள்.

கேள்வி: இறுதியாண்டு பொறியியல் படிக்கிறேன். 'பிளாக்செயின் மற்றும் வளர்ந்துவரும் தொழில்நுட்பங்கள்' சர்வதேச மாநாட்டில் கட்டுரை வாசிக்க 7,500 ரூபாய் கட்டினேன். ஸ்கோபஸில் வரும் என்றார்கள். கட்டுரை அனுப்பிய மறுநாளே ஏற்றுக்கொண்டார்கள். மாநாடு ஜூமில் நடந்தது, எனக்கு ஆறு நிமிடம். எட்டு மாதமாகியும் எதுவும் வரவில்லை.
- மாணவி, பர்கூர்

பதில்: மறுநாளே ஏற்றுக்கொண்டார்கள் என்ற இடத்திலேயே விஷயம் முடிந்துவிட்டது. ஒரு கட்டுரையை இரண்டு பேர் ஒழுங்காகப் படித்துக் குறை நிறை எழுத வாரங்கள் ஆகும். உங்களுக்கு யாராவது ஒரு வரி குறை சொன்னார்களா? இல்லையென்றால் யாரும் படிக்கவில்லை.

ஸ்கோபஸ் என்பது ஆய்வுக் கட்டுரைகளைப் பட்டியலிடும் தரவுத்தளம். அதில் எந்த இதழ், எந்த மாநாட்டுத் தொகுப்பு இருக்கிறது என்பதை அவர்களது தளத்திலேயே காசில்லாமல் தேடலாம். ஐஇஇஇ என்ற சர்வதேசப் பொறியாளர் அமைப்பின் பெயரைப் போட்டுக்கொள்ளும் மாநாடுகளையும் அந்த அமைப்பின் மாநாட்டுத் தேடல் பக்கத்தில் சரிபார்க்கலாம். ஒரே நாளில், ஒரே அரங்கில், ஒரே ஏற்பாட்டாளர் பிளாக்செயின், விவசாயம், செவிலியர் கல்வி என்று நாலு 'சர்வதேச' மாநாடு நடத்தினால் அது சான்றிதழ்க் கடை.

ஸ்கோபஸில் வரும் என்று எழுத்தில் கொடுத்திருந்தால் அந்த மெயிலை வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் பதிவு செய்யுங்கள். சொன்ன சேவையைத் தரவில்லை, பணத்தைக் கொடு என்பதுதான் வாதம். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. சான்றிதழ் கொண்டுவந்தால்தான் மார்க் என்று மாணவர்களை இந்தக் கடைகளுக்கு அனுப்பி வைக்கிற கல்லூரிகள் மேல்தான் கோபம். அவர்கள் ஒரு நாள் உட்கார்ந்து அந்தப் பட்டியலைத் தேடியிருக்கலாம்.

கேள்வி: பெங்களூருவில் இரண்டு நாள் பிளாக்செயின் திருவிழாவுக்கு நண்பர்கள் மூன்று பேர் தலைக்கு 12,000 கட்டினோம். இரண்டு முறை தேதி தள்ளிவிட்டு, இப்போது 'அடுத்த வருடம் வாருங்கள், பணம் திரும்பாது என்று நிபந்தனையில் இருக்கிறது' என்கிறார்கள். பில் இல்லை, வாட்ஸ்அப்பில் 'ரிசீவ்ட்' என்று ஒரு கட்டை விரல் மட்டும் வந்தது.
- தருமபுரி

பதில்: கட்டை விரலா! இந்தப் பகுதியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நான் அடுத்து என்ன சொல்வேன் என்று தெரியும். தெரிந்தாலும் படியுங்கள், ஏனென்றால் தெரிந்தவர்களும் கேட்பதில்லை.

பத்து ரூபாய்க்குக் கொத்தமல்லி வாங்கினால் பில் வேண்டாம். பன்னிரண்டாயிரத்துக்கு வேண்டும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் தராமல் இருப்பதையே நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. குறையுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தை, பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திருப்பித் தர மறுப்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. 'பணம் திரும்பாது' என்பது நீங்கள் மனம் மாறினால் செல்லலாம். நிகழ்ச்சியே நடத்தாமல் அவர்கள் நிபந்தனையைக் காட்டினால், அது ஒருதலைப்பட்சமான ஒப்பந்தம் என்று நீங்கள் வாதாடலாம்.

பில்லில் ஜிஎஸ்டி எண் பாருங்கள். எண்ணும் எழுத்துமாக மொத்தம் 15 இடம். முதல் இரண்டு எண்கள் மாநிலத்தைச் சொல்லும்: தமிழ்நாடு 33, கர்நாடகா 29. ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் பதிவு, இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். வரி வசூலித்துக்கொண்டு எண் தராதவர் வரியையும் சேர்த்து வைத்துக்கொள்கிறார் என்றுதான் அர்த்தம்.

என் வீட்டுப் பரணில் ஒரு விஆர் ஹெட்செட் கிடக்கிறது. பெங்களூருவில் ஒரு கண்காட்சியில் 'இன்றைக்கு மட்டும் இந்த விலை' என்றதில் வாங்கியது. இடது கண்ணுக்குப் படம் வராது. பில் கேட்டதற்கு 'மெயிலில் வரும் சார்' என்றார்கள். இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. வங்கிக் கணக்கு விவரம், வாட்ஸ்அப் உரையாடல், விளம்பரம், தேதி தள்ளிய அறிவிப்பு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பில் இல்லாவிட்டாலும் பணம் போன தடம் இருக்கிறது. முதலில் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ், 15 நாள் கெடு. பிறகு 1915. அதற்கும் அசையவில்லை என்றால் தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிகழ்ச்சி பெங்களூருவில் என்பதால் அங்கே அலைய வேண்டியதில்லை, புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பது இந்தச் சட்டம் தந்த பெரிய வசதி. கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைப்பதும் உங்கள் விருப்பம். நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ருதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். இரண்டு வருடத்துக்குள் செய்ய வேண்டும், ஆறப்போடாதீர்கள்.

கேள்வி: கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவச பிளாக்செயின் கருத்தரங்கு. மதியம் பிரியாணி. பிடித்திருந்தால் 25,000 கட்டி உறுப்பினர் ஐடி எடுக்கலாமாம். போய்ப் பார்க்கலாமா?
- காவேரிப்பட்டணம்

பதில்: பிரியாணிக்குக்கூடப் போகாதீர்கள்.

கேள்வி: சொந்தக்காரப் பையன் சொல்லி ஒரு கிரிப்டோ காயினில் நாலு லட்சம் போட்டேன். தக்காளி விற்ற காசும் நகை அடகு வைத்ததும். முதலில் மாதாமாதம் வந்தது. துபாயில் பெரிய பிளாக்செயின் விழா என்று மேடை போட்டோவெல்லாம் காட்டினார்கள். இப்போது பணம் எடுக்க முடியவில்லை. 60,000 வரி கட்டினால் திறந்துவிடும் என்கிறார்கள். கட்டட்டுமா?
- பெயர் வேண்டாம், பாலக்கோடு

பதில்: கட்டாதீங்க அம்மா. ஒரு ரூபாய்கூட வேண்டாம். கிரிப்டோ லாபத்துக்கு நம் நாட்டில் வரி உண்டு, 30 சதவீதம். ஆனால் அதை வருமான வரித் துறைக்குத்தான் கட்டுவார்கள், ஆப் நடத்துகிறவனுக்கு யாரும் முன்பணமாகக் கட்டுவதில்லை. இந்த அறுபதாயிரம் கொடுத்தால் அடுத்து 'அபராதம்' என்று ஒரு லட்சம் வரும்.

நீங்கள் ஏமாந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மேடையைப் பார்த்து உலகமே ஏமாந்திருக்கிறது. ஒன்காயின் என்று ஒன்று இருந்தது. அதன் தலைவி ரூஜா இக்னதோவா 2016 ஜூனில் லண்டன் வெம்ப்லி அரங்கில் ஆயிரக்கணக்கானோர் முன்னால் வாணவேடிக்கையோடு மேடை ஏறினார். அந்தக் காயினுக்குப் பின்னால் உண்மையான பிளாக்செயினே இல்லை. 2017 அக்டோபரில் ஆள் காணாமல் போனார், 2022ல் அமெரிக்க எஃப்பிஐ அவரைத் தேடப்படும் பத்துப் பேர் பட்டியலில் சேர்த்தது. போன பணம் 400 கோடி டாலர். பிட்கனெக்ட் என்ற இன்னொரு காயின் நிறுவனம் 2017 அக்டோபரில் தாய்லாந்தின் பட்டாயாவில் விழா எடுத்தது, மூன்று மாதத்தில், 2018 ஜனவரியில், கடையை மூடியது. எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ சந்தை 2022 ஏப்ரலில் பஹாமாஸில் அமெரிக்க முன்னாள் அதிபரையும் பிரிட்டன் முன்னாள் பிரதமரையும் மேடையேற்றி மாநாடு நடத்தியது, அதே வருடம் நவம்பரில் திவால். விழாவுக்கு ஆகும் செலவு உங்களைப் போன்றவர்கள் போட்ட பணத்திலிருந்துதான் போகிறது. ஈமு கோழிப் பண்ணைகள் 2012ல் கவிழ்ந்ததை நம் பக்கத்தில் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

இன்றைக்கே 1930க்குப் போன் செய்யுங்கள். ஆப்பை அழிக்காதீர்கள், போனை மாற்றாதீர்கள். பாஸ்புக் பதிவு, குறுஞ்செய்தி, விழா போட்டோ, கூட்டத்துக்குக் கூப்பிட்ட செய்தி எல்லாம் சாட்சி. தருமபுரியில் மாவட்ட சைபர் குற்றப் பிரிவில் எழுத்துப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். உங்கள் ஊரில் இன்னும் பலர் கட்டியிருப்பார்கள், சேர்ந்து போனால் பொருளாதாரக் குற்றப் பிரிவுக்கு வழக்கு வலுவாகும். டெபாசிட் மோசடிகளுக்கென்றே தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டுச் சட்டமும், மத்தியில் 2019ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. லாபத்துக்காகப் போட்ட முதலீடு என்பதால் நுகர்வோர் ஆணையத்தில் இது நிற்பது கடினம், அங்கே அலையாதீர்கள்.

சொந்தக்காரப் பையன் பெயரையும் புகாரில் எழுதத்தான் வேண்டும். அவனும் ஏமாந்தவனாக இருக்கலாம், அதைப் போலீஸ் விசாரிக்கட்டும். முழுப் பணமும் வரும் என்று நான் சொல்ல மாட்டேன். 'கமிஷன் கொடுத்தால் மீட்டுத் தருகிறோம்' என்று ஒருவன் கூப்பிடுவான். அவனும் அதே கூட்டம்தான்.

கேள்வி: மாநாட்டு ஸ்டாலில் கிரிப்டோவைப் பத்திரமாக வைக்கும் ஹார்டுவேர் வாலட் என்ற சிறு கருவியை வாங்கினேன். வசதியாக 24 ரகசியச் சொற்களும் அட்டையில் அச்சடித்தே இருந்தன.
- ஓசூர்

பதில்: உங்களுக்கு வசதியோ இல்லையோ, விற்றவருக்கு ரொம்ப வசதி. அந்தச் சொற்கள் தெரிந்தவர்தான் பெட்டிக்குச் சொந்தக்காரர். நல்ல வாலட்டில் முதல் முறை ஆன் செய்யும்போது சொற்களைக் கருவியே புதிதாக உருவாக்கும், நீங்கள் வெற்று அட்டையில் எழுதிக்கொள்ள வேண்டும். இதில் ஏற்கெனவே எதையாவது போட்டிருந்தால் இப்போதே வேறு வாலட்டுக்கு மாற்றுங்கள். பெட்டியைத் திருப்பிக் கொடுங்கள். என் வீட்டுக் கைரேகைப் பூட்டு யார் விரல் வைத்தாலும் திறக்கும், அதிலாவது சாவி என்னிடம் இருக்கிறது.

கேள்வி: உலகப் புகழ் பெற்ற ஒரு தொழிலதிபர் படம் போட்ட போஸ்டரைப் பார்த்து 60,000க்கு விஐபி பாஸ் எடுத்தேன். அவர் வரவில்லை. பெரிய திரையில் பழைய வீடியோ ஓடியது. நிபந்தனைகளைப் படிக்கவில்லை, நேரம் இல்லை. வழக்குப் போடலாமா?
- தருமபுரி

பதில்: அறுபதாயிரம் கட்ட நேரம் இருந்தது. படிக்க மட்டும் இல்லை. போஸ்டரில் படம் இருந்ததா, 'வருகிறார்' என்று எழுதியிருந்ததா? எழுதியிருந்தால் அது தவறான விளம்பரம், 1915ல் புகார் செய்யுங்கள், நானும் உங்கள் பக்கம். வெறும் படம்தான் என்றாலும் வழக்குக்குக் கொஞ்சம் உயிர் உண்டு, ஆனால் போஸ்டரின் அடியில் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் படியுங்கள். போன வருடம் பாதி விலை ஐபோன் பற்றி எழுதியவரும் நீங்கள்தான் என்று கையெழுத்து சொல்கிறது.

கேள்வி: ஹேக்கத்தான் என்ற மென்பொருள் உருவாக்கும் போட்டியில் பரிசாகக் கிரிப்டோ டோக்கன் தந்தார்கள். விற்றால் வரி உண்டா?
- ஊத்தங்கரை

பதில்: லாபத்தில் 30 சதவீதம், அதன் மேல் செஸ். ஒரு டோக்கனில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. 2022 ஏப்ரலிலிருந்து இப்படித்தான். பரிசாக வந்த நாளில் அதன் மதிப்பு என்ன என்று குறித்து வையுங்கள், ஆடிட்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.

கேள்வி: பாலிடெக்னிக் படிக்கிறேன். கையில் காசு இல்லை. இந்தத் துறையில் உண்மையான நிகழ்ச்சி ஒன்றையாவது பார்க்க வேண்டும்.
- அரூர்

பதில்: காசில்லாதவர்தான் இந்த வாரம் சரியான கேள்வி கேட்டிருக்கிறார். தம்பி, வெளிநாட்டுக் கோடை விழாக்களை மறந்துவிடு. பெங்களூருவில் டிசம்பரில் நடந்துவந்த எத்இந்தியா ஹேக்கத்தான் பற்றித் தேடிப் படி. அந்த மாதிரி நிகழ்ச்சிகளில் விண்ணப்பித்துத் தேர்வானால் போதும், கட்டணம் இருக்காது. பங்கேற்கவே பெருந்தொகை கேட்கும் ஹேக்கத்தானைக் கண்டால் ஒதுங்கிப் போ. கர்நாடக அரசு நவம்பரில் பெங்களூரு டெக் உச்சி மாநாடு நடத்துகிறது. எத்தீரியத்தின் பெரிய மாநாடான டெவ்கான் 2024ல் பாங்காக்கில் நடந்தது, அடுத்தது மும்பை என்று அறிவித்திருக்கிறார்கள். இவற்றில் மாணவர் சலுகை, தன்னார்வலர் இடம் இரண்டும் இருக்கின்றனவா என்று சீக்கிரமே பார், கடைசி வாரத்தில் கிடைக்காது. நம் மாநில அரசே 'நம்பிக்கை இணையம்' என்ற பெயரில் பிளாக்செயின் கட்டமைப்பு வைத்திருக்கிறது, சான்றிதழ்களைச் சரிபார்க்க அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று படித்துவிட்டுப் போனால் அங்கே பேச உனக்கும் ஒரு விஷயம் இருக்கும்.

கேள்வி: இலவச மாநாட்டில் கொடுத்த டி-ஷர்ட் முதல் தடவை துவைத்ததிலேயே சாயம் போய்விட்டது. புகார் செய்யலாமா?
- சூளகிரி

பதில்: காசு கொடுக்காமல் வாங்கியதற்கு நுகர்வோர் சட்டத்தில் இடமில்லை. தனியாக ஊற வையுங்கள்.