புதிய தடத்துக்குப் பணம் உண்டு, ஓடும் பேருந்துக்கு ஏன் இல்லை? பொதுப் போக்குவரத்து நிதி: கேள்வி பதில்

பொதுப் போக்குவரத்துக்கு ஒதுக்கப்படும் அரசுப் பணம் முதலில் எதற்குச் செல்ல வேண்டும் என்று உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளுக்கு, போக்குவரத்து நிதித் திட்டமிடலை அறிந்த உறுப்பினர் ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி: பெரும் செலவில் புதிய மெட்ரோவை அறிவிக்கும் அரசு, ஓடிக்கொண்டிருக்கும் பேருந்துகளுக்கு ஓட்டுநர்களை நியமிக்கப் பணமில்லை என்கிறது. இது எப்படிப் பொருந்தும்?

பதில்: இரண்டும் ஒரே கருவூலத்தைச் சேர்ந்தவையானாலும் வெவ்வேறு கணக்குகளில் எழுதப்படுகின்றன. சுரங்கப்பாதை தோண்டுவது மூலதனச் செலவு. ஓட்டுநர் சம்பளம், எரிபொருள், உதிரிப் பாகங்கள் ஆகியவை வருவாய்ச் செலவு, அதாவது அன்றாட இயக்கச் செலவு. முதலாவதற்கு நீண்ட காலக் கடன் கிடைக்கும். உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி போன்றவை கடன் கொடுப்பதும் பெரும்பாலும் கட்டுமானத்துக்கும் கருவிகளுக்கும்தான். இரண்டாவதற்கோ ஆண்டுதோறும் வரிப்பணத்தைத் தேட வேண்டும். அமெரிக்காவில் இந்தப் பிரிவினை சட்டத்திலேயே இடம்பெற்றது. 1998-இல் இயற்றப்பட்ட சட்டம், இரண்டு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகர்ப்பகுதிகளுக்கு மத்திய அரசு வழக்கமாக அளித்துவந்த இயக்கச் செலவு உதவியை நிறுத்தியது. பேருந்து வாங்க நிதி கிடைத்தது, அதை ஓட்டுவதற்கான பணத்தை உள்ளூரிலேயே திரட்ட வேண்டியதாயிற்று. புதிய திட்டம் எதுவானாலும், அதன் முதல் பத்தாண்டு இயக்கச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று எழுதப்படாத கோப்பை ஒப்புதல் தராமல் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்பதே என் கருத்து.

கேள்வி: பராமரிப்பு மட்டும் ஏன் எப்போதும் தள்ளிப்போடப்படுகிறது?

பதில்: தள்ளிப்போட்ட ஆண்டில் எந்தப் பாதிப்பும் வெளியே தெரியாது, தெரியவரும்போது பொறுப்பில் வேறொருவர் இருப்பார். நியூயார்க் சுரங்க ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1970-களின் நிதி நெருக்கடியில் பராமரிப்பைக் குறைத்ததால் பெட்டிகள் பழுதாவதும் தடம் புரள்வதும் வாடிக்கையாகிவிட்டன. 1982-இல் தொடங்கிய ஐந்தாண்டு மூலதனத் திட்டங்கள்தாம் அதை மீட்டெடுத்தன. பிறகு கவனம் மீண்டும் தளர, பல இடங்களில் 1930-களின் தொழில்நுட்பத்திலேயே சமிக்ஞைக் கருவிகள் இயங்கிய நிலையில், 2017-இல் மாநில ஆளுநர் அவசரநிலையை அறிவிக்க நேர்ந்தது. ஒரே அமைப்பு ஒரே பாடத்தை இரண்டு முறை விலை கொடுத்துக் கற்றிருக்கிறது.

கேள்வி: மெட்ரோவா, தனித்தடப் பேருந்தா? எதற்கு முன்னுரிமை?

பதில்: அந்த வழித்தடத்தில் நெரிசல் நேரத்தில் ஒரு திசையில் மணிக்கு எத்தனை பேர் பயணம் செய்கிறார்கள் என்பது தெரியாமல் விடை சொல்ல முடியாது. 2000-ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கிய, கொலம்பியாவின் போகோட்டா நகரின் தனித்தடப் பேருந்து, மெட்ரோவைவிட மிகக் குறைந்த செலவில், மணிக்குச் சுமார் 40,000 பேரை ஏற்றிச் செல்லும் திறனை எட்டிக் காட்டியது. அதே நகரம், பேருந்துகளில் நெரிசல் தாங்க முடியாமல் போனபின் மெட்ரோவும் கட்டத் தொடங்கியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சில ஆயிரம் பேர் மட்டுமே பயணம் செய்யும் தடத்தில் மெட்ரோ கட்டுவதை, அது எவ்வளவு பெருமைக்குரியதாகத் தோன்றினாலும், என்னால் ஆதரிக்க இயலாது.

கேள்வி: எல்லாப் பேருந்துகளையும் மின்பேருந்துகளாக மாற்றுவதுதானே முதல் வேலை?

பதில்: இல்லை. சீனாவின் ஷென்ஜென் நகரம் 2017-இல் தன் பேருந்துகள் முழுவதையும், பெரும் அரசு மானியத்துடன், மின்மயமாக்கியது. காற்றுக்கு அது நல்லது. ஆனால் அரை மணிக்கு ஒரு முறை வந்த டீசல் பேருந்துக்குப் பதிலாக அரை மணிக்கு ஒரு முறை மின்பேருந்து வந்தால், காத்திருப்பவருக்கு எதுவும் மாறவில்லை.

கேள்வி: கட்டணமும் கடனும் போதாதென்றால் வேறு எங்கிருந்து பணம் திரட்டலாம்?

பதில்: பயனடைவோரிடமிருந்து. பணியாளர்கள் வேலைக்கு வந்து சேர்வதால் முதலாளிகளும் பயனடைகிறார்கள் என்ற அடிப்படையில், பிரான்ஸ் 1971-இல் பாரிஸ் வட்டாரத்தில் நிறுவனங்களின் சம்பளச் செலவின் மீது ஒரு வரி விதித்தது. பின்னர் அதை மற்ற நகரங்களுக்கும் விரிவுபடுத்தியது. அந்தத் தொகையை இயக்கச் செலவுக்கும் பயன்படுத்தலாம் என்பதே அதன் தனிச்சிறப்பு. லண்டன் 2003-இல், நகர மையத்துக்குள் வரும் வாகனங்களுக்கு நெரிசல் கட்டணத்தைக் கொண்டுவந்தபோது, நிகர வருவாயைப் போக்குவரத்துக்கே செலவிட வேண்டும் என்று சட்டம் கட்டுப்படுத்தியது. ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் இதே கட்டணத்துக்கு, 2006-இல் சில மாதச் சோதனைக்கு முன்பு எதிர்ப்பே மிகுந்திருந்தது; சாலைகளில் நெரிசல் குறைந்ததைக் கண்டபின் நகர மக்கள் வாக்கெடுப்பில் ஆதரித்தார்கள். ஹாங்காங் மெட்ரோவின் புகழ்பெற்ற லாபமும் பயணச்சீட்டால் மட்டும் வந்ததன்று. நிலையங்களைச் சுற்றியுள்ள நிலத்தை மேம்படுத்துவதில் கிடைக்கும் பங்கு அதில் முக்கியமானது. விதித்த வரியை அப்படியே விட்டுவிடுவதும் ஆபத்து: அமெரிக்க மத்திய அரசின் பெட்ரோல் வரி 1993 முதல் ஒரு காலனுக்கு 18.4 சென்ட் என்ற அளவிலேயே நிற்பதால், அந்த வரியை நம்பியிருக்கும் நெடுஞ்சாலை நிதியத்துக்கு 2008 முதல் பொது வருவாயிலிருந்து பலமுறை பணம் மாற்ற வேண்டியிருந்தது.

கேள்வி: பயணத்தை முற்றிலும் இலவசமாக்கிவிடலாமே?

பதில்: லக்சம்பர்க் 2020 மார்ச் மாதம் நாடு முழுவதும் அதைச் செய்தது. அங்கே கட்டண வருவாய் மொத்தச் செலவில் சிறு பகுதியாகவே இருந்ததால் இழப்பு தாங்கக்கூடியதாக இருந்தது. 2013-இல் தன் நகரவாசிகளுக்குப் பயணத்தை இலவசமாக்கிய, எஸ்தோனியாவின் தலைநகர் தாலினில், காரை விட்டு வந்தவர்களைவிட, முன்பு நடந்து சென்றவர்கள் பேருந்தில் ஏறியதே அதிகம் என்று ஆய்வு காட்டியது. இழக்கும் கட்டணத்தை அரசு முழுமையாகவும் காலத்தோடும் ஈடுசெய்தால் எனக்கு மறுப்பில்லை. ஈடுசெய்யாவிட்டால், அந்தச் சுமையைப் பேருந்துகளின் எண்ணிக்கை சுமக்க வேண்டிவரும்.

கேள்வி: திட்ட மதிப்பீடுகளை நம்பலாமா?

பதில்: அப்படியே நம்ப வேண்டாம். டென்மார்க் ஆய்வாளர் பென்ட் ஃப்ளூபியர்க் தலைமையிலான குழு 258 போக்குவரத்துத் திட்டங்களை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ரயில் திட்டங்களின் செலவு மதிப்பீட்டைவிடச் சராசரியாக 45 சதவீதம் கூடியிருந்தது. சாலைகளுக்கு அது 20 சதவீதம். 2018 டிசம்பரில் திறக்கப்பட வேண்டிய லண்டனின் எலிசபெத் ரயில் தடம் 2022 மே மாதம்தான் திறக்கப்பட்டது. ஆகவே உங்கள் பகுதியில் ஒரு திட்டம் விவாதத்துக்கு வரும்போது, இதே வகையில் ஏற்கெனவே முடிந்த திட்டங்கள் உண்மையில் எவ்வளவு செலவில் முடிந்தன என்பதை எழுத்து மூலம் கேளுங்கள். பயணிகள் எண்ணிக்கைக்கும் அதே கேள்வியைக் கேளுங்கள்.