எச்சிலைச் சோதித்தால் சொத்தை வருவது தெரியுமா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கும்பகோணத்தில் பல் பார்க்கிறேன். எச்சில் பரிசோதனை பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

மன்னார்குடியிலிருந்து: எச்சிலில் அப்படி என்னதான் பார்ப்பீர்கள் டாக்டர்?

எவ்வளவு ஊறுகிறது, அமிலத்தைத் தாக்குப்பிடிக்கிறதா, சொத்தைக் கிருமி எவ்வளவு என்று மூன்றைத்தான். மெழுகுத் துண்டு ஒன்றைக் கொடுத்து ஐந்து நிமிடம் மென்றுகொண்டே இருக்கச் சொல்வோம், ஊறுவதை விழுங்காமல் அளவுக்கோடு போட்ட குப்பியில் துப்ப வேண்டும். முதலில் எல்லோருக்கும் கூச்சம், நாலாவது நிமிடத்தில் கூச்சம் போய் தாடை வலிக்க ஆரம்பித்துவிடும். நிமிடத்துக்கு 1 மில்லிக்கு மேல் வந்தால் நிம்மதி, 0.7-க்குக் கீழே போனால் யோசிக்க வேண்டும். அப்புறம் அமிலத்தைத் தாக்குப்பிடிக்கிறதா என்று அறிய ஒரு சொட்டை அட்டையில் விட்டு நிறம் பார்ப்போம். நாங்கள் வைத்திருக்கும் அட்டையில் நீலம் நல்லது, மஞ்சள் மோசம். கிருமிக்கு மட்டும் இரண்டு நாள் காத்திருக்க வேண்டும்.

திருவாரூரிலிருந்து: வரும்போது பல் தேய்த்துவிட்டு வரலாமா?

வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு முன்பிருந்தே பல் தேய்ப்பது, சாப்பிடுவது, காபி எதுவும் கூடாது.

மயிலாடுதுறை, 62 வயது: சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை போடுகிறேன். வாய் காய்கிறது, இரண்டு வருடத்தில் நாலு பல் போய்விட்டது.

ஐயா, இந்த டெஸ்ட் முக்கியமாக உங்களைப் போன்றவர்களுக்குத்தான். சர்க்கரை நோயே வாயைக் காயவைக்கும், நீர் பிரியும் மாத்திரை, சளி மாத்திரை, மன அழுத்த மாத்திரை எல்லாம் எச்சிலைக் குறைக்கும். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள், மருந்துச் சீட்டோடு வாருங்கள். தூங்கும்போது எச்சில் ஏறக்குறைய நின்றே போகிறது என்பதால் படுக்கும் முன் ஃபுளோரைடு பேஸ்ட்டில் தேய்த்து, நுரையைத் துப்பிவிட்டு, கொப்பளிக்காமல் படுங்கள். வாய் காய்கிறதே என்று புளிப்பு மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொள்வதை இன்றோடு விடுங்கள்.

பாபநாசத்திலிருந்து: டெஸ்டில் எல்லாம் நல்லபடி வந்தது, ஆனாலும் சொத்தை. ஏமாற்று வேலையா இது?

இல்லை, ஆனால் அதை ஜாதகம் மாதிரி நம்பக் கூடாது. இனி சொத்தை வருமா என்பதற்கு எச்சிலைவிட, இதுவரை வாயில் விழுந்திருக்கும் ஓட்டைகள்தான் நல்ல சாட்சி. ஒரு நாளைக்கு எத்தனை காபி, எத்தனை ஸ்பூன் சர்க்கரை? இனிப்பு பட்ட சில நிமிடங்களில் பல் மேல் பிஎச் (இது இறங்க இறங்க அமிலம் கூடுகிறது என்று அர்த்தம்) பல் கரையத் தொடங்கும் 5.5-க்குக் கீழே இறங்கும், மேலே ஏற அரை மணி நேரமாவது ஆகும். டிகிரி காபியை ஒரு டம்ளர் குடித்து முடிப்பது வேறு, அதையே மேஜையில் வைத்து ஒரு மணி நேரம் உறிஞ்சுவது வேறு.

தஞ்சாவூர் அம்மா ஒருவர்: பையனுக்கு மூன்று வயது, எடுக்கலாமா?

மூன்று வயதுப் பிள்ளை எங்கேம்மா குப்பியில் துப்பும்! மேலுதட்டைத் தூக்கி, ஈறை ஒட்டி சுண்ணாம்பு தடவியதுபோல வெள்ளைக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அதுதான் ஆரம்பம். இரவுப் பால் பாட்டிலை நிறுத்துங்கள். உங்கள் பல்லிலும் சொத்தை இருந்தால் அதையும் அடைத்துக்கொள்ளுங்கள், ஒரே ஸ்பூனில் ஊட்டினால் உங்கள் கிருமி அவனுக்கும் போகும்.

கும்பகோணத்திலிருந்து: வெற்றிலை போட்டால் எச்சில் நன்றாக ஊறுகிறதே, நல்லதுதானே?

ஊறும். இந்த ஊரில் இருந்துகொண்டு வெற்றிலையைக் குறை சொல்ல எனக்கும் மனசில்லை, ஆனால் புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும். கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து மூன்று விரலை நெட்டுக்குத்தாக வைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் பாக்கால் வாய் இறுகத் தொடங்கியிருக்கலாம், எச்சில் டெஸ்ட் கிடக்கட்டும், இந்த வாரமே வந்து வாயைக் காட்டுங்கள்.