ஆவேசம் எதுவரை? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் வெளியான ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து பற்றிய அறிமுகக் கட்டுரைக்குப் பின்னர் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, அந்த ஆட்டத்தின் முரட்டுத்தனத்தையும் அதற்குள் ஒழுங்கு எப்படிக் காக்கப்படுகிறது என்பதையும் பற்றியே கேட்டிருந்தன. அவற்றுள் ஐந்துக்கு இம்முறை பதில் அளிக்கிறோம்.

கேள்வி: ஒருவர் முகத்தில் குத்தினாலும் சிவப்பு அட்டை காட்டி வெளியேற்றும் வழக்கம் ஏஎஃப்எல் (ஆஸ்திரேலியக் கால்பந்து லீக்) போட்டிகளில் இல்லையாமே? அப்படியானால் அங்கே தண்டனை என்பதே கிடையாதா? (சென்னை வாசகர்)

பதில்: தண்டனை உண்டு, ஆனால் கடுமையான தண்டனை ஆட்டம் முடிந்த பிறகுதான் வருகிறது. தோளுக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே பிடித்து மடக்குவதுதான் முறையான டேக்கிள். அதற்கு மேலோ கீழோ பிடித்தால் எதிரணிக்கு ஃப்ரீ கிக் கிடைக்கும். மேலும் வம்பு செய்தால் அந்த உதையின் இடம் 50 மீட்டர் முன்னே நகர்த்தப்படும். கடுமையான குற்றங்களைப் பொறுத்தவரை, ஆட்டப் பதிவுகளைப் பார்வையிடும் அதிகாரி ஒருவர், செயல் வேண்டுமென்றே செய்யப்பட்டதா கவனக்குறைவால் நேர்ந்ததா, அடி எவ்வளவு பலமானது, உடலில் பட்டதா தலையில் பட்டதா என்று வகைப்படுத்துவார். மிகக் கடுமையானவை ட்ரிபியூனல் என்னும் விசாரணை மன்றத்துக்குப் போகும்.

இந்த முறையின் பலமும் பலவீனமும் 2018 ஆகஸ்டில் பெர்த் நகரின் இரு அணிகள் மோதிய ஆட்டத்தில் ஒருசேர வெளிப்பட்டன. வெஸ்ட் கோஸ்ட் அணியின் ஆண்ட்ரூ காஃப், பந்துக்குச் சம்பந்தமில்லாத இடத்தில், ஃப்ரீமேன்டில் அணியின் 18 வயது ஆண்ட்ரூ பிரேஷாவின் தாடையை ஒரே குத்தில் உடைத்தார். அடிபட்டவர் மருத்துவமனைக்குப் போனார்; அடித்தவரோ களத்திலேயே இருந்தார். பின்னர் அவருக்கு 8 ஆட்டத் தடை விதிக்கப்பட்டது. அதனால் அவ்வாண்டு வெஸ்ட் கோஸ்ட் வென்ற இறுதிப் போட்டியில் ஆடும் வாய்ப்பை அவர் இழந்தார். ஒரு வீரருக்கு இதைவிடக் கனமான தண்டனை இருக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் அடிவாங்கிய அணி ஓர் ஆளை இழந்து நிற்க, அடித்த அணி எதையும் இழக்காமல் அந்த ஆட்டத்தை வென்றதை என்னால் நியாயம் என்று ஏற்க முடியவில்லை. உள்ளூர் லீக்குகள் பலவற்றில் வெளியேற்றும் விதி இருக்கும்போது, தலைமை லீக்கில் மட்டும் அது வேண்டாம் என்பதற்குச் சொல்லப்படும் காரணங்கள் வலுவற்றவை என்றே கருதுகிறேன்.

களத்து வன்முறை விசாரணை மன்றத்தோடு நிற்கவில்லை என்பதற்கும் ஒரு முன்னுதாரணம் உண்டு. 1985இல் ஹாத்தார்ன் அணியின் லீ மேத்யூஸ், ஜீலாங் அணியின் நெவில் பிரன்ஸின் தாடையை உடைத்தபோது, லீக் அவரது வீரர் பதிவை 4 வாரங்களுக்கு நீக்கியதோடு காவல்துறையும் அவர்மீது வழக்குத் தொடர்ந்தது. அங்கு விதிக்கப்பட்ட அபராதம் மேல்முறையீட்டில் நீங்கியது. எனினும், வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே நாட்டின் சட்டம் நுழையாது என்ற நம்பிக்கை அன்றோடு தகர்ந்தது.

கேள்வி: முரட்டுத்தனமாக ஆடும் அணிகள்தாமே கடைசியில் கோப்பையை வெல்கின்றன? ஒழுங்கு பற்றிப் பேசுவதெல்லாம் வெறும் அலங்காரம் இல்லையா? (சிட்னி வாசகர்)

பதில்: அப்படித் தோன்றுவதற்குக் காரணமான ஆட்டங்கள் சில உண்டு. 1989 இறுதிப் போட்டியில், நடுவர் பந்தைத் தரையில் அடித்து எழுப்பிய அதே நொடியில், ஜீலாங்கின் மார்க் யேட்ஸ் ஓடிவந்து ஹாத்தார்னின் டெர்மட் பிரெரட்டனை மோதி வீழ்த்தினார். விலா எலும்பு முறிந்த நிலையிலும் பிரெரட்டன் வெளியேற மறுத்து, சற்று நேரத்தில் ஒரு கோலும் அடித்தார். ஹாத்தார்ன் 6 புள்ளி, அதாவது ஒரே ஒரு கோல், வித்தியாசத்தில் வென்றது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் மோதலின் பயங்கரத்தையே சொல்கிறார்கள். நான் அதில் காண்பது வேறு. எதிரணியின் முக்கிய வீரரை முறிப்பதற்காக ஜீலாங் தன் ஆவேசத்தைச் செலவிட்டுக்கொண்டிருந்த முதல் கால் பகுதியில் (முதல் குவார்ட்டரில்), ஹாத்தார்ன் பந்தை எடுத்து கோல் போட்டுக்கொண்டிருந்தது. ஜீலாங்கின் கேரி ஏப்லெட் அன்று 9 கோல்கள் அடித்தும் அந்தத் தொடக்கப் பள்ளத்தை முழுமையாக நிரப்ப முடியவில்லை.

அடுத்த ஆண்டே இதே பாடம் இன்னும் தெளிவாக எழுதப்பட்டது. 1990 இறுதிப் போட்டியின் முதல் இடைவேளையில் காலிங்வுட், எசண்டன் வீரர்களிடையே பெரும் கைகலப்பு மூண்டது. காலிங்வுட்டின் கேவின் பிரவுன் நினைவிழந்து விழுந்தார். அடுத்த கால் பகுதியில் காலிங்வுட் வஞ்சம் தீர்க்கப் போகாமல் கோல்களைக் குவித்து, முடிவில் 48 புள்ளி வித்தியாசத்தில் வென்று, 1958க்குப் பிறகு தன் முதல் பட்டத்தைப் பெற்றது. எசண்டனின் டெரி டேனியருக்கு 12 ஆட்டத் தடை கிடைத்தது. அன்று காலிங்வுட்டின் பயிற்சியாளராக இருந்தவர், முந்தைய பதிலில் நாம் கண்ட அதே லீ மேத்யூஸ்தான். ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு தன் கையைக் கட்டுப்படுத்த முடியாமல் நீதிமன்றம் வரை போன மனிதரின் அணி, அந்தப் பிற்பகலில் கையைக் கட்டிக்கொண்டு ஆடி வென்றது என்பதை இந்த ஆட்டத்தின் வரலாற்றில் மிக முக்கியமான செய்தியாக மதிக்கிறேன்.

ஒரே அணி இரண்டு விதமாகவும் நடந்துகொண்டதைப் பார்க்க விரும்பினால் ஹாத்தார்னுக்கே திரும்ப வேண்டும். 2004இல் எசண்டனுக்கு எதிரான ஆட்டத்தில், தொடர் தோல்விகளால் துவண்டிருந்த ஹாத்தார்ன் வீரர்கள், இனி யாரும் தங்களை எளிதாக எண்ணக்கூடாது என்று காட்டக் கைகலப்பில் இறங்கினார்கள். ‘மணலில் கிழித்த கோடு’ என்று அந்த ஆட்டத்துக்குப் பெயரே ஏற்பட்டது. விளைவு, படுதோல்வியும் பல வாரத் தடைகளும். அந்தப் பருவத்துக்குப் பின்னர் பொறுப்பேற்ற அலஸ்டர் கிளார்க்சன் ஆவேசத்தைக் குறைக்கவில்லை. அதற்கு ஒரு வேலை கொடுத்தார். மைதானத்தை மண்டலங்களாகப் பிரித்து எதிரணியின் வழிகளை அடைக்கும் திட்டத்துக்குள் ஒவ்வொரு டேக்கிளும் மோதலும் பொருத்தப்பட்டன. தங்கள் ஆட்டத்தை அவர்களே ‘சிநேகமற்ற கால்பந்து’ என்று அழைத்துக்கொண்டார்கள். 2008இல், லீக் சுற்றில் ஒரே ஓர் ஆட்டத்தை மட்டுமே இழந்திருந்த ஜீலாங்கை, இறுதிப் போட்டியில் 26 புள்ளி வித்தியாசத்தில் வீழ்த்தினார்கள். 2004இல் இருந்த கோபம் 2008இலும் இருந்தது. நான்கு ஆண்டுகளில் மாறியது அது போய்ச் சேர்ந்த இடம்.

கேள்வி: ‘மிகச் சிறந்த, மிக நேர்மையான’ வீரருக்குப் பிரவுன்லோ பதக்கம் என்கிறார்கள். நேர்மை என்பது அங்கே உண்மையிலேயே கணக்கில் எடுக்கப்படுகிறதா? (கோவை வாசகர்)

பதில்: எடுக்கப்படுகிறது. 1924 முதல் வழங்கப்படும் அந்தப் பதக்கத்துக்கு, அந்தப் பருவத்தில் ஆட்டத் தடை பெற்ற எவரும் தகுதியற்றவர். 1997இல் நடுவர்களிடம் மிக அதிக வாக்குகள் பெற்ற கிறிஸ் கிராண்ட், ஒரே ஓர் ஆட்டத் தடையின் காரணமாக அதை இழந்தார். அடுத்த இடத்தில் இருந்த ராபர்ட் ஹார்விக்குப் பதக்கம் போனது. கொடுமையாகத் தெரியலாம். ஆனாலும் அந்த விதியைத் தளர்த்தக் கூடாது என்பதே என் கருத்து.

கேள்வி: என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளியில் யாரையும் தள்ளாதே என்று நாங்கள் வீட்டில் சொல்லி வளர்க்கிறோம். சனிக்கிழமை மைதானத்தில் பயிற்சியாளர், ‘பலமாக மோது’ என்று கத்துகிறார். தலையில் அடிபடுமோ என்ற பயமும் உள்ளது. அவனை ஆட அனுப்புவது சரியா? (மெல்போர்னில் வாழும் ஒரு தாய்)

பதில்: அம்மா, உங்கள் பயம் நியாயமானது, அதை மிகை என்று யாரும் ஒதுக்க இடம் கொடுக்காதீர்கள். இந்த ஆட்டத்தின் மாபெரும் வீரர்களுள் ஒருவரான கிரஹாம் ‘பாலி’ ஃபார்மரின் மூளை, அவர் மறைந்த பின் ஆராயப்பட்டபோது, மீண்டும் மீண்டும் தலையில் படும் அடிகளால் வரும் சிடிஇ என்னும் நோய் அதில் இருந்தது 2020இல் தெரியவந்தது. அதன் பின்னரும் பல பெயர்கள் அந்தப் பட்டியலில் சேர்ந்துள்ளன.

முன்பு குறிப்பிட்ட ஆண்ட்ரூ பிரேஷாவின் அண்ணன் ஏங்கஸ் பிரேஷாவும் ஏஎஃப்எல் வீரர்தான். 2023 செப்டம்பரில், அவர் உதைத்த பந்தைத் தடுக்க உயரத் தாவிய காலிங்வுட்டின் பிரேடன் மேனார்டின் தோள் அவர் தலையில் மோதியது. ஏங்கஸ் நினைவிழந்தார், 2024 பிப்ரவரியில் மருத்துவ ஆலோசனைப்படி 28 வயதிலேயே ஆட்டத்தை விட்டு விலகினார். தம்பியை அடித்தது கட்டுக்கடங்காத கோபம். அண்ணனை வீழ்த்தியது பந்துக்கான முயற்சி. விசாரணை மன்றம் மேனார்டைக் குற்றமற்றவர் என்றே விடுவித்தது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு, தரையை விட்டு எழும்பித் தடுப்பவர் எதிராளியின் தலைக்கும் பொறுப்பாளி என்று லீக் விதியைக் கடுமையாக்கியது. கோபத்தை அடக்கினால் மட்டும் போதாது, நியாயமான முயற்சியிலும் எதிராளியின் உடலை நினைவில் கொள்ள வேண்டும் என்று இந்த ஆட்டம் மிகத் தாமதமாகக் கற்றுக்கொண்டது. உங்கள் மகனின் தலைமுறை அதைத் தொடக்கத்திலேயே கற்க முடியும்.

ஆகவே பயிற்சியாளரை நேரில் சந்தித்துச் சில கேள்விகள் கேளுங்கள். கைகளைச் சேர்த்துக் கட்டித் தரையில் சுழற்றி அடிக்காமல், எதிராளியைத் தாங்கிப் பிடித்து இறக்கும் டேக்கிள் முறையைச் சொல்லித் தருகிறாரா? பந்தின்மேல் தலையைக் கவிழ்க்காமல், உடலைப் பக்கவாட்டில் திருப்பி எடுக்கச் சொல்கிறாரா? தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி (கன்கஷன்) ஏற்பட்ட சிறுவன் குறைந்தது 21 நாள்களுக்குப் போட்டிக்குத் திரும்பக் கூடாது என்ற சமூகக் கால்பந்து வழிகாட்டலைக் கடைப்பிடிக்கிறாரா? மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைத்தால் அனுப்புங்கள்; மழுப்பினால் வேறு அணியைத் தேடுங்கள். மகனிடம், “பலமாக மோது என்று பயிற்சியாளர் சொல்வது பந்தை நோக்கி” என்று நீங்களும் ஒருமுறை சொல்லுங்கள். வீட்டுப் பேச்சும் மைதானப் பேச்சும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று அவன் எண்ணிக்கொண்டிருந்தால், இரண்டையுமே ஒருநாள் கேட்காமல் போவான்.

கேள்வி: உள்ளூர் அணி ஒன்றுக்குப் பயிற்சி அளிக்கிறேன். எங்கள் அணியின் மிகத் துணிச்சலான வீரர்தான் மிக அதிகமாக 50 மீட்டர் தண்டனைகளையும் வாங்கித் தருகிறார். கண்டித்தால் அவர் சுருங்கிப் போகிறார். விட்டுவிட்டால் ஆட்டம் போகிறது. என்ன செய்வது? (மேற்கு சிட்னி வாசகர்)

பதில்: முதலில் அவருக்குக் கணக்கைக் காட்டுங்கள். ஒரு கோலுக்கு 6 புள்ளி. 1989 இறுதிப் போட்டி 6 புள்ளியிலும், 2005 இறுதிப் போட்டி 4 புள்ளியிலும், 2018 இறுதிப் போட்டி 5 புள்ளியிலும் முடிந்தன. நடுக்களத்தில் எதிராளிக்குக் கிடைக்கும் ஃப்ரீ கிக்கோடு 50 மீட்டரும் சேர்ந்தால், அது ஏறக்குறைய ஒரு கோலைத் தட்டில் வைத்துக் கொடுப்பதுதான். அவரது கோபத்தின் விலையைக் குணத்தின் மொழியில் சொன்னால் சுருங்குவார். புள்ளியின் மொழியில் சொன்னால் சிந்திப்பார்.

அடுத்து, இதைச் சொல்பவர் நீங்கள் மட்டுமாக இருக்கக் கூடாது. 2005இல், பட்டமின்றிக் கழிந்த 72 ஆண்டு வறட்சியை முடித்த சிட்னி ஸ்வான்ஸ் அணியில், பயிற்சியாளர் பால் ரூஸின் காலத்தில், நடத்தை விதிகளை வகுத்தவர்களும் அவற்றை மீறியவரிடம் முகத்துக்கு நேரே பேசியவர்களும் வீரர்களே. ஆனால் அதுவும் முழுமையான மருந்தன்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதே அணியின் முன்கள நட்சத்திரம் பேரி ஹால், 2008இல் வெஸ்ட் கோஸ்டின் பிரென்ட் ஸ்டேக்கரைக் குத்தி வீழ்த்தி 7 ஆட்டத் தடை பெற்றார். மறு ஆண்டு மீண்டும் ஒரு சம்பவத்துக்குப் பின் அணியை விட்டே விலகினார். சக வீரர்களின் கண்டிப்பு எல்லோருடைய கோபத்தையும் எட்டிவிடாது.

உங்கள் வீரரின் தவறுகள் எந்த நிமிடங்களில் நேர்கின்றன என்று நான்கு ஆட்டங்களுக்குக் குறித்து வையுங்கள். களைத்த நிலையில், ஒரு டேக்கிளைத் தவறவிட்ட அடுத்த நொடியில் அவை நேர்வதை நீங்கள் காணக்கூடும். அப்படியானால் அது குணக்கோளாறு அன்று, களைப்பு. பயிற்சியின் கடைசிப் பத்து நிமிடங்களில், மூச்சு வாங்கும்போது, எதிராளியாக நிற்பவர் அவரைச் சீண்ட, அவர் பந்தை விட்டுக் கண்ணெடுக்காமல் ஆடிப் பழகட்டும்.

ஆட்டத்தின்போது உங்களுக்கு உதவக்கூடியது மாற்று வீரர்கள் அமரும் பெஞ்சு. முதல் அநாவசியத் தள்ளுக்கே அவரை வெளியே அழையுங்கள். நடுவரின் விசிலுக்குக் காத்திருக்க வேண்டாம். அருகில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். மூச்சு சீராகும் வரை எதுவும் பேசாதீர்கள். பிறகு அவர் அடுத்துக் காக்க வேண்டிய ஆளின் பெயரையும் நிற்க வேண்டிய இடத்தையும் மட்டும் சொல்லித் திரும்ப அனுப்புங்கள்.